வெண்பன்றிக் கொட்டகையும் மனித நோயும்: எது வரும், எது வராது

திருவேங்கடம் வட்டாரம் மழையை நம்பிய கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் கண்மாய் பெருகும். கண்மாய்த் தண்ணீர் எட்டும் இடத்தில் நெல். எட்டாத இடமெல்லாம் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசி. மழை பொய்த்த வருஷத்தில் ஆடு மாடுதான் குடும்பத்தைத் தாங்கும். அந்த ஆடு மாட்டு வரிசையில் வெண்பன்றியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். 100 தாய்ப்பன்றியும் 10 ஆண் பன்றியும் கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு முதலீட்டில் பாதி, அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று 2021-ல் மாற்றியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம் அறிவித்தது. கறிக்குப் பெரிய சந்தை கேரளம். தென்காசி மாவட்டத்துக்காரருக்கு அது புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் போதும் என்ற தூரம்.

ஒருவர் கொட்டகை போடப் போகிறார் என்று தெரிந்ததும் ஊர் முதலில் நாற்றத்தைப் பற்றிப் பேசும். அடுத்து நோயைப் பற்றி. நாற்றத்துக்குப் பதில் எளிது: கழிவுநீரைச் சரியாக வடித்தால் பெரும்பகுதி தீரும். நோயைப் பற்றிய கேள்விக்குத்தான் நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை. பன்றி என்றாலே நோய் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எங்கள் பண்ணை சுத்தமானது, ஒன்றும் வராது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டுமே தவறு. பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் வைரஸ்கள் சில உண்டு. ஒவ்வொன்றும் வரும் வழி வேறு, தடுக்கும் முறையும் வேறு. வழியைத் தவறாகப் புரிந்துகொண்டு எடுத்த நடவடிக்கைகள் உயிரைக் காப்பாற்றவில்லை என்பதற்கு மலேசியாவிலிருந்து எகிப்து வரை சான்றுகள் இருக்கின்றன.

நமக்கு மிக அருகில் இருக்கும் நோயிலிருந்து தொடங்கலாம். அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயரில் ஜப்பான் இருந்தாலும் இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1955-ல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து காய்ச்சலும் வலிப்புமாக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடம் அது தெரியவந்தது. புனேயில் 1952-ல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆய்வு மையம் இதைத் தொடர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அதே வட்டாரத்துக் கியூலெக்ஸ் கொசுக்களிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1973-ல் மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் பெரிய அளவில் வெடித்தது. 1970களின் பிற்பகுதியில் திருநெல்வேலி மாவட்டத்திலும் வந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை திருவேங்கடமும் சங்கரன்கோவிலும் அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவைதான். ஆகவே இது வடநாட்டுச் செய்தி அல்ல, இந்த மண் ஏற்கெனவே பார்த்த நோய்.

இந்த வைரஸின் இயல்பான வீடு பன்றி அல்ல. கொக்கு, நாரை, மடையான், வக்கா போன்ற நீர்ப்பறவைகளுக்கும் நெல் வயலில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவுக்கும் இடையே அது ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பறவையைக் கடித்த கொசு பக்கத்துக் கொட்டகையில் பன்றியைக் கடிக்கும்போதுதான் கதை மாறுகிறது. பன்றியின் ரத்தத்தில் வைரஸ் சில நாள்களுக்கு மிக அதிக அளவில் பெருகி நிற்கிறது. அந்த நாள்களில் கடிக்கும் கொசுக்கள் எல்லாம் வைரஸை ஏற்றிக்கொள்கின்றன. கொசுவின் உடலுக்குள் வைரஸ் முதிர ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதன்பின் அதே கொசு குழந்தையைக் கடித்தால் ஆபத்து. மனிதனின் ரத்தத்தில் வைரஸ் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. அதனால் நோயாளியைக் கடித்த கொசுவால் அடுத்தவருக்கு வராது. மாட்டிடமும் அப்படியே முடிந்துவிடுகிறது.

பன்றிக்கு ஒருமுறை தொற்றினால் பிறகு நீண்ட காலம் எதிர்ப்பு இருக்கும். அப்படியானால் பண்ணை முழுக்க எதிர்ப்பு பெற்றுத் தொற்று நின்றுவிட வேண்டுமே? நிற்காது. காரணம் பண்ணையின் கணக்கு. தாய்ப்பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். ஒரு ஈற்றில் எட்டு, பத்துக் குட்டி. குட்டி எட்டு மாதத்துக்குள் கறிக்குப் போய்விடும், அந்த இடத்தில் அடுத்த குட்டி வரும். வைரஸைப் பார்த்தறியாத புதிய ரத்தம் கொட்டகையில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு இரண்டு கறுப்புப் பன்றி வளர்த்த காலத்துக்கும் நூறு தாய்ப்பன்றி நிற்கும் பண்ணைக்கும் உள்ள வேறுபாடு சுத்தத்தில் அல்ல, இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. பண்ணை நடத்துவோர் இதை ஏற்பதில்லை. ஆனால் சிமெண்ட் தரையைத் தினமும் கழுவினாலும் கொசு பறக்கும் வழி மூடப்படுவதில்லை.

தொற்றிய மனிதர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் வெளியே தெரியும். மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் 30 சதவீதம் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் முடக்கம், வலிப்பு, பேச்சு இழப்பு என்று ஏதாவது ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. நோய் நிலைத்த பகுதிகளில் பெரியவர்கள் சிறுவயதிலேயே தெரியாமல் தொற்றி எதிர்ப்பு பெற்றிருப்பார்கள். அதனால் குழந்தைகளே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பன்றி மேல் எல்லாப் பழியையும் போடுவது ஏன் தவறு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1980களில் மதுரையில் அமைத்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் கடலூர், விருத்தாசலம் பகுதிகளில் பல ஆண்டுகள் கொசுவைப் பிடித்து ஆராய்ந்தது. ரேச்சல் ரூபன் போன்ற பூச்சியியலாளர்கள் வழிநடத்திய இடம் அது. வயிறு நிறைந்த கொசுவைப் பிடித்து யாருடைய ரத்தம் என்று பார்த்ததில் பெரும்பங்கு மாட்டு ரத்தமாகவே இருந்தது. மாடு நிறைய உள்ள ஊரில் கொசு மாட்டிடம் போய் வைரஸை வீணாக்குகிறது. நம் ஊர்களில் நோய் எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உழவு மாடு மறைந்து டிராக்டர் வந்த ஊர்களில் இந்தத் தடுப்பு என்னவாகும் என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி. இன்னொரு பக்கம், 1996-ல் கேரளத்தின் குட்டநாட்டில் இதே நோய் வெடித்தபோது அங்கே பன்றி வளர்ப்பு பெரிதாக இல்லை. வயல், வாய்க்கால், பறவை, வாத்து எல்லாம் இருந்தன. பன்றி இருந்தால் தொற்று பெருகும், இல்லாவிட்டாலும் நோய் வரும் என்பதே இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு.

அதே மதுரை மையம் எளிய தீர்வு ஒன்றையும் சோதித்துப் பார்த்தது. நெல் வயலில் தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது, யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இடுவது. இரண்டும் சேர்ந்தால் வயலில் கியூலெக்ஸ் புழுக்கள் வெகுவாகக் குறைந்தன. விளைச்சல் குறையவில்லை, தண்ணீரும் மிச்சம். கண்மாய்த் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் கரிசல் விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான நோய்த்தடுப்பு இருக்க முடியாது. அறிக்கைகளில் பாராட்டப்பட்ட இந்த முறை ஊர் ஊராகப் போய்ச் சேராதது நம் விரிவாக்கத் துறைகளின் வழக்கமான குறை.

2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. அந்த ஆண்டு அங்கும் பீகாரிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதன் விளைவாக 2006-ல் சீனத் தயாரிப்பான எஸ்.ஏ.14-14-2 தடுப்பூசி இந்தியாவில் பெரிய அளவில் போடப்பட்டது. பிறகு கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸைக் கொண்டு பாரத் பயோடெக் ‘ஜென்வாக்’ என்ற உள்நாட்டுத் தடுப்பூசியை 2013-ல் கொண்டுவந்தது. தடுப்பூசி வந்த பிறகும் கோரக்பூரில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலோடு வந்துகொண்டே இருந்தார்கள். பழி தொடர்ந்து பன்றி மேலும் கொசு மேலும் விழுந்தது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேகர் குழு போய்ப் பார்த்தபோது பெரும்பாலான நோயாளிகளுக்கு இருந்தது ஸ்க்ரப் டைஃபஸ் என்று தெரிந்தது. புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் பாக்டீரியா நோய் அது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மலிவான மாத்திரையால் தீரக்கூடியது. பன்றியைத் தேடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்த மாத்திரை கொடுக்கப்படாமல் போன குழந்தைகள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தால் மனம் பதறுகிறது.

வழி தவறிய இன்னொரு கதை தமிழர்கள் வாழும் மலேசியாவில் நடந்தது. 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் மயக்கமும் கண்டன. பண்ணை முதலாளிகள் பெரும்பாலும் சீனர். தொழிலாளர்களில் இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அரசு முடிவு செய்தது. தடுப்பூசி போடப்பட்டது, ஊர் முழுக்கக் கொசுமருந்துப் புகை அடிக்கப்பட்டது. நோய் நிற்கவில்லை. அதற்கிடையே பண்ணையாளர்கள் பன்றிகளை அவசரமாக விற்றார்கள். லாரியில் ஏறிய பன்றிகளோடு நோயும் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அல்ல என்பதற்கு அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தன. நோயுற்றோர் குழந்தைகள் அல்லர், பன்றியோடு புழங்கிய ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். கொசு எல்லா வீட்டிலும்தான் கடிக்கிறது, ஆனால் பண்ணைக்குப் பக்கத்திலேயே குடியிருந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு நோய் வரவில்லை. பன்றிகளும் சும்மா இருக்கவில்லை. தூரத்துக்குக் கேட்கும் அளவுக்குக் குரைப்பது போல இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி இருமாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இளம் வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங் நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். மாதிரியைத் தானே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். 1999 மார்ச்சில் உண்மை வெளிவந்தது. நோயாளி ஒருவரின் கிராமமான சுங்கை நிபாவின் பெயரே வைரஸுக்கு வைக்கப்பட்டது.

மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. சில வட்டாரங்களில் பன்றி வளர்ப்பே ஒழிந்துபோனது.

வைரஸின் இயல்பான வீடு பழந்தின்னி வௌவால். பண்ணையைச் சுற்றி மாமரம் வைத்திருந்தார்கள். ஒரே நிலத்தில் இரண்டு வருமானம் என்பது நல்ல யோசனையாகத்தான் தெரிந்திருக்கும். இரவில் வௌவால் கடித்துப் போட்ட மாம்பழம் தொழுவுக்குள் விழுந்தது, பன்றி தின்றது. பன்றியின் மூச்சிலும் எச்சிலிலும் பெருகிய வைரஸ் அதைப் பிடித்தவர், ஊசி போட்டவர், அறுத்தவர் கைக்கு வந்தது. இதே போன்ற ஒன்று 1997-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் நடந்தது. ஒரு பண்ணையில் குட்டிகள் செத்தும் ஊனமாகவும் பிறந்தன, தொழிலாளர் இருவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது, மெனாங்கிள் என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கும் பக்கத்தில் பழந்தின்னி வௌவால்கள் குடியிருந்தன.

இந்தியாவில் நிபா 2001-ல் சிலிகுரியிலும், 2007-ல் நதியாவிலும், 2018-ல் கோழிக்கோட்டிலும் வந்தது. அதன்பின் கேரளத்தில் பலமுறை திரும்பியிருக்கிறது. இவை எதிலும் பன்றி நடுவில் இல்லை. வௌவாலிலிருந்து மனிதருக்கு, பிறகு மருத்துவமனைகளில் மனிதரிலிருந்து மனிதருக்கு என்றே பரவியது. ஆகவே கேரளத்தில் நிபா என்ற செய்தி வந்ததும் பன்றிக்கறியை ஒதுக்குவதில் பொருள் இல்லை. ஆனால் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் பல மாநிலங்களில் நடத்திய ஆய்வில் தமிழ்நாட்டு வௌவால்களிடமும் நிபாவுக்கான எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டிருக்கிறது. வைரஸ் இங்கேயும் இருந்திருக்கிறது என்பது அதன் பொருள். திருவேங்கடத்தைச் சுற்றிய ஊர்களில் ஆலும் இலுப்பையும் நிற்கும் இடமெல்லாம் பழந்தின்னி வௌவால் தொங்கும். அதைச் சுட வேண்டாம், விரட்டவும் வேண்டாம். கலைந்த வௌவால் கூட்டம் இன்னும் பரந்து போகும். கொட்டகைக் கூரைக்கு மேல் மாவும் கொய்யாவும் சப்போட்டாவும் கவியாமல் பார்த்துக்கொள்வதும், உதிர்ந்த பழத்தைப் பன்றிக்குப் போடாமல் இருப்பதும்தான் மலேசியா 105 உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.

மூன்றாவது வழி மூச்சு. பன்றியின் சுவாசக்குழாயில் பறவைக் காய்ச்சல் வைரஸும் மனிதக் காய்ச்சல் வைரஸும் ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. இரண்டும் ஒரே செல்லுக்குள் புகுந்தால் மரபுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிய வைரஸ் உருவாகலாம். 2009-ல் மெக்சிகோவில் வெளிப்பட்ட எச்1என்1 அப்படி உருவானது. வட அமெரிக்கப் பன்றிகளிலும் ஐரோப்பிய-ஆசியப் பன்றிகளிலும் பல ஆண்டுகள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த வைரஸ்களின் துண்டுகள் அதில் சேர்ந்திருந்தன. ஜூன் 11, 2009 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. இந்தியாவின் முதல் நோயாளி மே மாதம் ஐதராபாத் விமான நிலையத்தில் வந்திறங்கியவர். பன்றியைத் தொட்டவர் அல்லர், விமானத்தில் வந்தவர்.

அதற்குப் பிறகு நடந்ததை நாற்பது வயதைத் தாண்டிய தமிழர் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். பன்றிக் காய்ச்சல் என்ற பெயர் பத்திரிகையில் வந்த மறுவாரமே நகராட்சிகள் தெருப்பன்றிகளைப் பிடிக்கக் கிளம்பின. பன்றிக்கறிக் கடைகள் வெறிச்சோடின. நோய் பரவியதோ பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும். எகிப்து இன்னும் ஒருபடி மேலே போனது. ஒரு நோயாளிகூட இல்லாத நிலையில் நாட்டிலிருந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. கெய்ரோவின் குப்பையைச் சேகரித்து, அதிலுள்ள உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டுப் பிழைத்த கிறித்துவக் குடும்பங்கள் வாழ்விழந்தன. தின்னப் பன்றி இல்லாமல் நகரத்தில் குப்பை மலையாகக் குவிந்தது. நோயும் வராமல் நிற்கவில்லை.

நம் ஊரிலும் பன்றி பிடிக்கும் வண்டி யார் தெருவுக்குப் போகிறது என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். கறுப்புப் பன்றி வளர்ப்பு சில சாதியாரின் தொழில் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, நோய் என்ற பேச்சு வந்ததும் முதல் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றுகிறோம். மானியம் வாங்கி நூறு வெண்பன்றி வளர்ப்பவரைத் தொழில்முனைவோர் என்கிறோம், பத்துக் கறுப்புப் பன்றி வளர்ப்பவரைச் சுகாதாரக் கேடு என்கிறோம். கொசுவுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

2009 வைரஸ் இன்று ஆண்டுதோறும் வரும் சாதாரணக் காய்ச்சல்களில் ஒன்றாகிவிட்டது. மனிதனிடமிருந்து அது உலகெங்கும் பன்றிகளுக்கும் போயிருக்கிறது. காய்ச்சலைப் பொறுத்தவரை பன்றி நமக்குக் கொடுத்ததைவிட நாம் பன்றிக்குக் கொடுத்தது அதிகம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே இந்த வழியில் பாதுகாப்பு இரு பக்கமும் வேண்டும். சளி, காய்ச்சல் உள்ள வேலையாள் அந்த வாரம் கொட்டகைக்குள் போகக் கூடாது. பன்றி இருமினால் முகக்கவசம் இல்லாமல் யாரும் போகக் கூடாது. கோழியையும் வாத்தையும் பன்றியையும் ஒரே கூரைக்குக் கீழ் வைப்பது ஒருங்கிணைந்த பண்ணையம் என்ற பெயரில் நடந்தாலும் தவிர்க்க வேண்டியதே. நன்றாக வெந்த கறியால் இந்த நோய் வராது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஹெபடைடிஸ் ஈ என்ற மஞ்சள்காமாலை வைரஸ் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சரியாக வேகாத பன்றி ஈரல் மூலம் வருகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. புனேயில் வித்யா அரங்கல்லே குழுவினர் ஆராய்ந்ததில் இந்திய நோயாளிகளிடம் இருந்த வகையும் இந்தியப் பன்றிகளிடம் இருந்த வகையும் வெவ்வேறு என்று தெரிந்தது. இங்கே அது குடிநீரில் சாக்கடை கலப்பதால் வரும் நோய். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. 2022-ல் வயநாட்டுப் பண்ணைகளில் தெரிந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. பண்ணையையே துடைத்தெடுக்கும் நோய்தான். ஆனால் மனிதருக்கு வராது. ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் போடும் பழக்கம் இதை வரவழைக்கும் என்பதால் பண்ணையாளர் பயப்பட வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பயப்பட வேண்டியதில்லை.

வைரஸ் பற்றிய கட்டுரையில் இடமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் நாட்டில் பன்றியோடு தொடர்புடைய நோய்களில் மூளையை அதிகம் பாதித்தது வைரஸ் அல்ல, நாடாப்புழு. வலிப்போடு வரும் பலரின் மூளையில் அதன் கட்டி இருக்கிறது. அந்தப் புழுவின் முட்டை மனித மலத்திலிருந்து வருகிறது. வெட்டவெளியில் மலம் தின்னும் பன்றிக்கு முதலில், கை கழுவாத மனிதருக்கு அடுத்து. பன்றிக்கறியே தொடாதவருக்கும் அது வரும். மலம் அண்டாத கொட்டகையில் அடைத்து வளர்க்கும் வெண்பன்றி இந்த ஒரு விஷயத்தில் பழைய முறையைவிடத் தெளிவாக மேலானது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலை வென்ற நாடு உண்டா? ஜப்பான் உண்டு. 1924-ல் ஆறாயிரம் பேருக்கு மேல் மூளைக்காய்ச்சல் கண்ட நாடு. 1960கள் வரை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருந்தார்கள். பன்றியை அவர்கள் ஒழிக்கவில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், பண்ணைகளைக் குடியிருப்பிலிருந்து தள்ளி அமைத்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் பன்றியின் ரத்தத்தைச் சோதித்து, எந்த மாவட்டத்தில் வைரஸ் ஓடுகிறது என்பதை மனிதருக்கு வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். இன்று அங்கே ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில்தான் நோய். பன்றி அங்கே குற்றவாளியாக இல்லை, காவலாளியாக இருக்கிறது.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022-ல் ஆஸ்திரேலியா பார்த்தது. மழையும் வெள்ளமும் வந்த கோடையில் தெற்கு மாநிலங்களின் பண்ணைகளில் தாய்ப்பன்றிகள் செத்த குட்டிகளையும் கருகிச் சுருங்கிய குட்டிகளையும் போட ஆரம்பித்தன. சோதித்தபோது, அந்தப் பகுதிகளில் யாரும் எதிர்பார்க்காத ஜப்பானிய மூளைக்காய்ச்சல். 80-க்கும் மேற்பட்ட பண்ணைகள், 40-க்கும் மேற்பட்ட மனிதர்கள், 7 சாவு. அந்தச் செத்த குட்டிகளை யாரும் சோதனைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் மனித நோய் ஒரு துறை, கால்நடை நோய் இன்னொரு துறை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் இடையே ஒரு தெருதான் தூரம் என்றாலும் தாள் போக வழி இல்லை. தாய்ப்பன்றி கருச்சிதைந்தால் அது பண்ணையாளரின் நஷ்டம். குழந்தைக்கு வலிப்பு வந்தால் அது மருத்துவரின் வேலை. இரண்டும் ஒரே மாதத்தில் ஒரே ஊரில் நடந்தால் அதைச் சேர்த்துப் பார்க்கும் ஆள் யார்? திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரையில் கொசு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி முதல் தை வரை நான்கு மாதம் வட்டாரத்துப் பண்ணைகளில் சில பன்றிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் செலவு பெரிதாகாது. மானியத்துக்கு நிபந்தனையாகவே இதை வைக்கலாம். 30 லட்சம் கொடுக்கிற அரசு சில குப்பி ரத்தம் கேட்பதில் தவறில்லை.

தடுப்பூசியிலும் ஒரு தெளிவு வேண்டும். அம்மைக்குப் போடும் ஊசி ஊரையே காக்கும், ஏனென்றால் அம்மை ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது. மூளைக்காய்ச்சல் ஊசி போட்ட குழந்தையை மட்டுமே காக்கும். பக்கத்து வீட்டில் பத்துப் பேர் போட்டுக்கொண்டாலும் போடாத குழந்தைக்குப் பயன் இல்லை, வைரஸ் பறவையிலும் கொசுவிலும் இருப்பதால். திருவேங்கடத்துக்கு எல்லையாக இருக்கும் விருதுநகர் உட்படச் சில மாவட்டங்களில் இது வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது: 9-ஆம் மாதம் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. உங்கள் ஊர்க் குழந்தைக்கு உண்டா என்பதைக் கிராமச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொட்டகை போடப் போகிறவர் நெல் வயலுக்கும் கண்மாய்க்கரைக்கும் குடியிருப்புக்கும் தள்ளி மேட்டு நிலமாகப் பார்க்க வேண்டும். கழிவுநீர் குட்டையாகத் தேங்கக் கூடாது. கியூலெக்ஸில் அழுக்குத் தண்ணீரையே விரும்பும் இனமும் உண்டு. கொட்டகைக்குக் கொசுவலை அடிப்பது பெரிய செலவு அல்ல. சினைப்பன்றி செத்த குட்டி போட்டால் அதை வெறுங்கையால் எடுக்காதீர்கள், இரவோடு இரவாகப் புதைத்துவிடாதீர்கள், மீதிப் பன்றிகளை அவசரமாக விற்று லாரியில் ஏற்றாதீர்கள். மலேசியாவில் நோய் மாநிலம் தாண்டியது அந்த லாரியில்தான். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லுங்கள்.